நான்காவது சத்தம்

மூன்று அடிதான் அடித்தான். சத்தம் நான்கு கேட்டது.

சின்னவன் தூக்கிய சுத்தியலைத் தோளருகே நிறுத்திக்கொண்டு காது கொடுத்தான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உலைக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் மூக்கடைத்தவன் மாதிரி உறுமியது. நனைந்த சாக்கின் வாடையும் கரிப்புகையும் பழைய எண்ணெய் நாற்றமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் தினமும் இருப்பவைதான். நான்காவதாகக் கேட்ட சத்தம் மட்டும் இதில் எதனோடும் சேரவில்லை. எங்கோ தள்ளி, மொத்தென்று, கனமாக விழுந்த சத்தம் அது. அவன் கையில் இருந்த ஒன்றரைக் கிலோ சுத்தியல் எந்தக் காலத்திலும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அது சம்மட்டியின் சத்தம்.

மழைக்கு எங்காவது ஏதாவது சரிந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிவப்பு மங்கிப்போன இரும்புத் துண்டை மறுபடி கரிக்குள் செருகினான்.

மணி பிற்பகல் மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் பட்டறைக்குள் கும்மிருட்டு. ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தான். இரும்பின் சூட்டை அதன் நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும், வெளிச்சத்தில் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும். அதனால் இருட்டைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்கு இந்தத் தொழில் சரிப்படாது. சின்னவனும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பயந்ததில்லை.

கரிக்குள் கிடந்தது ஒரு பழைய அரம். பல்லெல்லாம் மழுங்கி, நுனி உடைந்து, இரும்புக்கடைக்குப் போக வேண்டியது. காலையிலேயே சாணைச் சக்கரத்தில் பிடித்து அதன் மிச்சப் பல்லை ஒன்றுவிடாமல் தேய்த்து எடுத்திருந்தான். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் அடிக்க அடிக்கப் பல் உள்ளே மடிந்து, வெளியே பளபளவென்று இருக்கும் கத்திக்குள் வெடிப்பாகப் போய் ஒளிந்துகொள்ளும். வருஷக்கணக்கில் தெரியாது. ஒருநாள் கையில் பிடித்திருக்கும்போது உடையும்.

அந்த அரம் அண்ணனுடையது. அதாவது இரண்டு பேரும் சேர்ந்து பட்டறை போட்டபோது முதன்முதலாக வாங்கியது. தேய்ந்த பிறகும் அண்ணன் அதை வீசவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி உத்தரத்தில் செருகிவைத்து, இதில் ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து சின்னதாக ஒரு கத்தி அடித்துத் தருகிறேன், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சாவகாசம் வரவே இல்லை. இன்றைக்குச் சின்னவன்தான் அதை இறக்கினான். கத்தியும் அவனுக்கு இல்லை, அவன் மைத்துனனுக்கு. மனைவியின் தம்பி இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு கத்தி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆபத்தில் கூட நின்றவனுக்கு, விட்டுவிட்டு ஓடியவரின் இரும்பில் ஒரு கத்தி. அதில் சின்னவனுக்கு ஒரு அற்ப திருப்தியும் இருந்தது.

அண்ணன் போய் எட்டு மாதம். கல்யாணமே வேண்டாமென்று பட்டறையை ஒட்டிய ஒற்றை அறையில் காலத்தை ஓட்டியவர் அவர். தெருவில் பெரிய பட்டறைக்காரர், சின்னப் பட்டறைக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெரியவர், சின்னவன் என்று ஆகிப்போனது. சின்னவன் கண்ணில் இரும்புத்தூள் தெறித்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஒற்றைக் கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தால் அண்ணன் இல்லை. சொல்லவில்லை கொள்ளவில்லை. அறையில் பாய் சுருட்டி வைத்திருந்தது, சட்டை இரண்டைக் காணோம். அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். சுவரோரம் எப்போதும் சாய்ந்திருக்கும் அண்ணனுடைய சம்மட்டியையும் காணோம். ஏழு கிலோ, வழுக்காமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் சுற்றியிருப்பார். திரும்பி வர நினைக்கிறவன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான். வேறு தொழில்காரனாக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பான், ஊர் ஊராகத் தேடியிருப்பான். இவன் அந்த வெறும் சுவரைப் பார்த்தான், அதோடு மனசு விட்டுப்போனது.

மிச்சத்தை மைத்துனன் சொன்னான். அண்ணன் பஸ் ஏறும்போது பார்த்தானாம். தோளில் சம்மட்டி, கையில் ஒரு பை. உன் மாமாவுக்கு இனிமேல் நான் எதற்கு, நீதான் இருக்கிறாயே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைக் கேட்டதும் சின்னவன் நம்பிவிட்டான். ஏனென்றால் அது அண்ணன் பேசக்கூடிய பேச்சுதான். மைத்துனனைப் பட்டறையில் சேர்த்ததிலிருந்தே அண்ணனுக்கு முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அவன் கையில் சம்மட்டியைக் கொடுக்காதே என்று நேராகவே சொல்லியிருந்தார். சின்னவனும் சும்மா இல்லாமல், உங்களுக்குப் பொறாமை என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டான்.

துண்டு ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. குறட்டால் கவ்வி எடுத்துப் பட்டறைக்கல்லின் மேல் வைத்தான். பெயர்தான் கல், மரக்கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும் முழு இரும்பு அது. கட்டை இடுப்பளவு உயரம், அதைப்போல இன்னொரு பங்கு தரைக்குள் புதைந்திருக்கும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிறுத்தினான்.

மொத்.

இந்தத் தடவை காதால் மட்டும் கேட்கவில்லை. குறட்டைப் பிடித்திருந்த இடது கை வழியாக அந்த அதிர்வு முழங்கைவரை ஏறியது. மேலிருந்து இறங்கியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். இது கீழேயிருந்து வந்தது.

சின்னவன் பயந்துவிடவில்லை. பயப்படுவதற்கு முன்னால் தொழில்காரனின் மூளைதான் முதலில் வேலை செய்தது. கட்டை தரையில் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் அடிபட்டதும் சத்தம் செத்துவிடும். கீழே வெற்றிடம் இருந்தால் எதிரொலிக்கும். சரி, கட்டைக்கு அடியில் மண் இறங்கியிருக்கிறது. குனிந்து பார்த்தால் அதற்கு அத்தாட்சியும் இருந்தது. கல் சாய்ந்திருந்தது. ஒரு பழைய பேரிங் குண்டை அதன் மேல் வைத்தான், அது யோசிக்காமல் சுவர்ப்பக்கம் உருண்டு விழுந்தது. கத்தி நுனி காலையிலிருந்து ஏன் ஒரு பக்கமாகவே வளைகிறது என்று இப்போதுதான் புரிந்தது.

அந்தக் கல்லைப் போட்டவன் மைத்துனன். சின்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, சும்மா இருந்த நேரத்தில் கல்லை எடுத்து நேராக வைத்துவிட்டேன் மாமா என்று பெருமையாகக் காட்டினான். புது மரக்கட்டை. சுற்றிலும் சிமெண்டுத் தளம். கட்டையைச் சுற்றி எவனும் சிமெண்டு போட மாட்டான், மண்ணும் மணலும் போட்டுத்தான் இடிப்பார்கள், நாளைக்கு எடுத்து மாற்ற வேண்டியிருக்குமே. ஆனால் அண்ணன் போன துக்கத்தில் கிடந்தவனுக்கு, கேட்காமலே இவ்வளவு வேலை செய்த பையனைக் குறை சொல்ல வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கட்டுப் போட்ட கண்ணிலும்.

நிறுத்தத் தெரியாதவன் என்பது ஒன்றுதான் மைத்துனனிடம் குறை. இரண்டு பேர் சேர்ந்து அடிக்கிற வேலையில் வாய்ப்பேச்சு கிடையாது. குறடு பிடித்தவன் சின்னச் சுத்தியலால் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறானோ அந்த இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். போதும் என்றால் வெறும் கல்லில் இரண்டு தட்டு. டிண், டிண். அதைக் கேட்டுவிட்டால் அண்ணனுடைய சம்மட்டி தலைக்கு மேலே போயிருந்தாலும் அப்படியே ஒதுங்கிக் கீழே இறங்கிவிடும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சின்னவன் தட்டி முடித்த அடுத்த நொடியே இரும்பின் மேல் தலையைக் குனிந்து பார்ப்பான். குறடு பிடிக்கிற நாளில் அண்ணனுக்கும் அதே பழக்கம்.

மைத்துனனோ தட்டிய பிறகும் ஒன்று சேர்த்து அடிப்பான். ஒன்று கூட அடித்தால் என்ன மாமா, இரும்பு அழவா போகிறது என்று சிரிப்பான். அப்படிச் சேர்த்து அடித்த ஒரு அடியில்தான் சின்னவன் கண்ணில் தூள் தெறித்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, தன் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டான். அதுமட்டுமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணனுக்கு ஆள் அனுப்பினான். முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. எனக்காக மைத்துனனைக் கூட வைத்து முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தான். அண்ணன் அதற்குப் பதில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

மனைவி டீயோடு வந்தாள். வீட்டின் சமையலறைக் கதவுதான் பட்டறைக்கும் கதவு. டம்ளரை வாங்கிக்கொண்டே, கல் சாய்ந்துவிட்டது, அடியில் மண் இறங்கியிருக்கிறது என்றான். அவள் தளத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கத்தி முடிஞ்சதும் சிமெண்ட உடைச்சுத் தோண்டிப் பாத்துடறேன். இப்படியே விட்டா வேலை ஓடாது."

"இன்னிக்கே எதுக்குங்க? தம்பி வரட்டும்."

"அவன் எதுக்கு? நான் என்ன கெழவனா?"

அவள் சிரிக்கவில்லை. டம்ளர் காலியாகும்வரை நிற்பவள், டீ பாதி இருக்கும்போதே உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டது கேட்டது. பிறகு அவள் யாருடனோ போனில் பேசுவதும் கேட்டது. மழை ஒரு நிமிஷம் ஓய்ந்தது, அப்போது அவள் குரல் தெளிவாக வந்தது. "தோண்டப் போறேங்கறாரு. சீக்கிரம் வா."

சின்னவன் டீயைக் கீழே வைத்தான். அக்கா தம்பியைக் கூப்பிடுகிறாள், உதவிக்கு. அதில் என்ன இருக்கிறது. ஆனால் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட வேண்டும்?

கைகள் வேலையைத் தொடர்ந்தன, மனசு தொடரவில்லை. அடித்து முடித்த அலகை நேராக்கினான். விரல் நீளம் அலகு, அதற்குப் பின்னால் பிடி செருக ஒரு வால். கடைசியாக ஒரு தடவை உலையில் வைத்து, காந்தத்தை வைத்தால்கூட ஒட்டாத அளவுச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, எண்ணெய் வாளிக்குள் நேராக இறக்கினான். எண்ணெய் சீறியது. குப்பென்று ஒரு மஞ்சள் தீ எழுந்து அடங்கியது. புகை முகத்தில் படிந்தது. உள்ளே இரும்பு ஒரு சின்ன முனகலோடு இறுகியது. வெளியே எடுத்தால் கத்தி கன்னங்கரேலென்று இருந்தது. இப்போது இது கண்ணாடிக்குச் சமம். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் தணிக்காவிட்டால் சும்மா தட்டினாலே உடையும். அதற்குத் தணலை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது கேட்டது.

டிண். டிண்.

மெல்ல. வெறும் இரும்பில் தட்டுவதுபோல.

அவன் சுத்தியல் தரையில் கிடந்தது. அவன் கல்லின் பக்கத்தில்கூட இல்லை.

இந்தச் சத்தத்தை அவன் கேட்டிருக்கிறான். அண்ணன் இருந்த காலத்தில் இல்லை, அவர் போன பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம். கட்டுப் போட்ட கண்ணோடு சமையலறையில் படுத்திருந்தான். இதேபோல மழை. இந்தப் பக்கத்திலிருந்து டிண், டிண் என்று கேட்டது. கொஞ்சம் விட்டு, மறுபடியும். யார் பட்டறையில் என்று எழுந்து உட்கார்ந்தான். மனைவிதான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். தகரத்தில் மழை என்றாள். அவனும் படுத்துக்கொண்டான்.

சின்னவன் கல்லிடம் போனான். முழங்கால் போட்டு உட்கார்ந்தான். சிமெண்டில் முடி அகலத்தில் ஒரு வெடிப்பு, கட்டையை ஒட்டி ஓடியது. ஒரு இடத்தில் அது விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஈர வாடை. மண் வாடை மட்டும் இல்லை. கையில் கத்திதான் இருந்தது. அதன் நுனியை வெடிப்புக்குள் விட்டு நெம்பினான். சில்லுச் சில்லாகச் சிமெண்டு பெயர்ந்தது. நுனி எதிலோ மெத்தென்று குத்தி மாட்டியது. இழுத்தான். கறுப்பாக, நாடா மாதிரி ஒன்று நீண்டு வந்தது.

ரப்பர். சைக்கிள் டியூப்.

மறுபடி நெம்பியதில் கத்தி பட்டென்று இரண்டாக முறிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. விரல்களாலேயே பெயர்த்தான். நகம் பிய்ந்தது. கீழே, ஒரு சாண் ஆழத்தில், டியூப் சுற்றிய கைப்பிடி நெட்டுக்குத்தலாக நின்றது. எட்டு மாதம் வெறும் சுவரைப் பார்த்துப் பார்த்து அவன் வைத வசவுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து நெஞ்சில் ஏறின. அண்ணன் எடுத்துக்கொண்டு போகவில்லை. அண்ணன் எங்கும் போகவில்லை. இந்தக் கல்லின் மேல்தான், தினமும், காலையிலிருந்து பொழுது சாயும்வரை, இவன் அடித்துக்கொண்டிருந்தான்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு விரற்கடை மேலே வந்தது, பிறகு கீழே போனது. யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடாததுபோல.

"விடுங்க மாமா."

மைத்துனன் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் புதுச் சம்மட்டி, சின்னவன் அவனுக்கென்று போட்டுக் கொடுத்தது. அவனுக்குப் பின்னால், சமையலறைக் கதவில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மனைவி.

"அவர் தட்டினாரு மாமா. ரெண்டு தட்டும் கேட்டுச்சு. நான்தான் ஒண்ணு சேத்து அடிச்சிட்டேன். அதுக்குள்ள குனிஞ்சிட்டாரு."

அவன் குரலில் அழுகை இருந்தது. சம்மட்டியைப் பிடித்த கைகளில் இல்லை.

சின்னவன் மனைவியைப் பார்த்தான். இல்லை என்று சொல், எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல் என்று மனசுக்குள் மன்றாடினான். அவள் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்போ மூச்சு இருந்துச்சுங்க. சிமெண்டு கலக்கும்போதே நான் சொன்னேன். இவன் கேக்கல."

"நான் வந்த அன்னிக்கி சாயந்தரம் கேட்டேனே."

"மழைன்னு சொன்னேன்."

"தெரிஞ்சா சொன்ன?"

"கூடப் பொறந்தவன்ங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அவரு எனக்கு யாரு?"

எட்டு மாதமும் அவள் போட்ட சோறு, வைத்த டீ, கண்ணுக்கு விட்ட மருந்து எல்லாம் சின்னவனுக்குத் தொண்டைவரை வந்து நின்றது. எத்தனை பேர் ஏமாற்றினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அதில் அவனும் இருந்தான். எழுந்து உட்கார்ந்தவன் படுத்துக்கொண்டானே.

மைத்துனன் ஒரு அடி முன்னால் வைத்தான். சிமெண்டில் அவன் செருப்பு நனைந்த தடம் பதித்தது.

"எழுந்திருங்க மாமா. மூடிடலாம். பழையபடி இருக்கலாம்."

சின்னவன் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், முடியாது என்று. மைத்துனனின் முகம் ஒரு விநாடி கோணியது. பிறகு சம்மட்டி மேலே போனது.

தட்டலாம். வெறும் கல்லில் இரண்டு தட்டு. ஆனால் இவன் நிற்க மாட்டான், இவன் என்றைக்கு நின்றான்? சின்னவனின் கை தரையில் துழாவிச் சுத்தியலைப் பிடித்தது. என்ன செய்கிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. மைத்துனன் நின்ற சிமெண்டை, அவன் இரண்டு கால்களுக்கும் நடுவில், சுத்தியலால் ஒரு தடவை தொட்டுக் காட்டினான்.

கீழே யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹக்.

சம்மட்டியை ஓங்கும்போது அண்ணன் இழுக்கும் மூச்சு.

முதல் அடிக்குத் தளம் பிளந்தது. மைத்துனனின் ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போனது. ஓங்கிய சம்மட்டி பின்னால் எங்கோ விழுந்தது. சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

தம்பியையும் உள்ளே வைத்துத்தான் சாத்தினாள்.

ஹக். இரண்டாவது. எலும்பு முறிவது மழைக்கு மேலே கேட்டது.

ஹக். மூன்றாவது. அதற்குப் பிறகு மைத்துனன் அசையவில்லை. இடுப்புவரை தளத்துக்குள் இருந்தான். தலை தொங்கியிருந்தது.

போதும். சின்னவன் சுத்தியலைத் திருப்பிப் பிடித்தான். சாய்ந்து கிடந்த கல்லில் தட்டினான்.

டிண். டிண்.

மழை. மோட்டாரின் உறுமல். உலையில் தணல் சிவந்து நின்றது. கைப்பிடி இருந்த குழி இப்போது வெறும் ஓட்டை. அதன் வழியாக ஈர வாடை வந்துகொண்டிருந்தது. அண்ணன் நின்றுவிட்டார். இந்தத் தட்டுக்கு அண்ணன் எப்போதும் நிற்பார். சின்னவனுக்கு அழுகை முட்டியது. பழக்கத்தில் தலையைக் குனிந்தான், அந்த ஓட்டைக்குள் பார்க்க.

"அண்ணே," என்றான். "எனக்குத் தெரியாதுண்ணே."

உள்ளே இருட்டு.

பிறகு, கீழேயிருந்து, மெல்ல, இரண்டு தட்டு. அன்றைக்குச் சாயங்காலம் கேட்ட அதே தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடியும் இரண்டு. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் அது தட்டிக்கொண்டிருந்தது.

சின்னவனும் தட்டினான். டிண், டிண். இன்னும் வேகமாக. டிண், டிண்.

அவன் முழங்காலுக்கு நேர்கீழே, மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.